கொண்டைக்கடலை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் உளுந்தையும் நிறுத்த வேண்டுமா? பருப்பு ஒவ்வாமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நவராத்திரி நேரம். பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தோம். தொன்னையில் கொடுத்த கொண்டைக்கடலைச் சுண்டலில் நான்கைந்து கடலையைத்தான் என் மூன்று வயது மகள் வாயில் போட்டிருப்பாள். முதலில் நாக்கைப் பல்லில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு காது மடல் சிவந்தது. வீடு திரும்புவதற்குள் கழுத்திலிருந்து வயிறு வரை தடிப்புத் தடிப்பாக எழும்பி, கீழுதடு வீங்கிவிட்டது. அன்றிரவு மருத்துவமனையில் ஊசி போட்டு, கவனித்து அனுப்பினார்கள். அடுத்து இரத்தப் பரிசோதனை. ஒரு வாரம் கழித்து வந்த தாளில் கொண்டைக்கடலை, பட்டாணி, மசூர்ப் பருப்பு, பச்சைப்பயறு, வேர்க்கடலை என்று எல்லாவற்றுக்கும் நேராகப் ‘பாசிட்டிவ்’. “இனிமேல் பருப்பு வகையே கூடாது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

ஏழு மாதம் அப்படியே இருந்தோம். இட்லி இல்லை, தோசை இல்லை, சாம்பார் இல்லை. அசைவம் தொடாத வீட்டில் பருப்பையும் எடுத்துவிட்டால் குழந்தையின் தட்டில் மிஞ்சுவது சோறும் தயிரும்தான். எடை ஏறவே இல்லை. பிறகு ஒவ்வாமைச் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் போய் ஒவ்வொரு பருப்பாகச் சோதித்துப் பார்த்தபோது, அவள் உடல் உண்மையில் மறுத்தவை மூன்றே மூன்று. மற்றதையெல்லாம் நாங்கள் காரணமில்லாமல் பறித்து வைத்திருந்தோம்.

அந்த ஏழு மாதம் இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல. மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். எதைத் தின்னலாம், எதைக் கூடாது என்ற முடிவு உங்கள் மருத்துவருடையது.

முதல் படி: இது ஒவ்வாமைதானா என்று பாருங்கள்

பருப்பு சாப்பிட்டால் வயிறு உப்புகிறது, வாயு பிடிக்கிறது என்பது ஒவ்வாமை அல்ல. பயறு வகைகளில் உள்ள சில சர்க்கரைகளை நம் குடல் செரிக்காமல் விடுகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்க வைப்பதால் வரும் தொந்தரவு அது. ஒவ்வாமை என்பது உடலின் எதிர்ப்பு மண்டலம் பருப்பில் உள்ள புரதத்தைப் பகையாளியாக எண்ணி, ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை வைத்துத் தாக்குவது. அது பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிடங்களில் தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் வெளிப்பட்டுவிடும்: வாயில் அரிப்பு, தோலில் தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், வாந்தி, இருமல், மூச்சிரைப்பு, குரல் கம்முதல், தலைசுற்றல்.

கைக்குழந்தைகளிடம் வேறொரு வகையும் உண்டு. தோலில் ஒன்றும் தெரியாது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பத் திரும்ப வாந்தியெடுத்து, குழந்தை வெளுத்துத் துவண்டுவிடும். சோயா இதற்குக் காரணமாவது தெரிந்த செய்தி. இந்த வகையில் ஐஜிஇ சோதனை பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. ஆகவே சாப்பிட்ட நேரம், வாந்தி வந்த நேரம் இரண்டையும் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாம் படி: ‘கடலை’ என்றால் எந்தக் கடலை?

இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் தமிழில் பருப்பு ஒவ்வாமையின் பாதிக் குழப்பம் பெயரில்தான் இருக்கிறது.

கடலை மிட்டாயில் கடலை என்றால் வேர்க்கடலை. கடலைப்பருப்பு, கடலைமாவு என்றால் கொண்டைக்கடலை. கடலெண்ணெய் என்றால் மறுபடியும் வேர்க்கடலை. அதே வேர்க்கடலை நிலக்கடலை ஆகும். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை ஆகும். இலங்கையில் கச்சான் ஆகும். யாழ்ப்பாணத்தில் வெறுமனே ‘பருப்பு’ என்றால் மசூர். நம் ஊரில் பெரும்பாலும் துவரை. “குழந்தைக்குக் கடலை ஆகாது” என்று பள்ளியில் சொல்லிவிட்டு வந்தால், ஆசிரியை வேர்க்கடலையை விலக்கிவிட்டுக் கொண்டைக்கடலைச் சுண்டலைக் கையில் கொடுத்துவிடக்கூடும். நம் சத்துணவில் கொண்டைக்கடலையும் உண்டு, பச்சைப்பயறும் உண்டு.

இன்னொன்றையும் மனத்தில் பதிய வையுங்கள். கறுப்புக் கொண்டைக்கடலை, வெள்ளைக் கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கடலைமாவு ஆகிய ஐந்தும் ஒரே செடியின் விதைதான். உடைத்தால் கடலைப்பருப்பு, வறுத்தால் பொட்டுக்கடலை, அரைத்தால் கடலைமாவு. கொண்டைக்கடலை ஆகாத குழந்தைக்குப் “பொட்டுக்கடலை லேசானதுதானே” என்று சட்னி கொடுத்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்பினால்தான் கொடுத்தார்கள், ஆனால் கொடுத்தது அதே கொண்டைக்கடலை.

ஒரு தாளில் உங்கள் வீட்டு வழக்கப்படி ஒவ்வொரு பருப்பின் பெயரையும் எழுதி, எது சாப்பிட்டு என்ன ஆனது, எதை இதுவரை தொந்தரவில்லாமல் சாப்பிட்டிருக்கிறது என்று குறியுங்கள். இந்த இரண்டாவது பட்டியல்தான் மருத்துவருக்கு மிகவும் பயன்படும்.

மூன்றாம் படி: எது எதற்கு நெருங்கிய உறவு

பருப்புகள் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். விதை முளைப்பதற்காகச் சேமித்து வைத்திருக்கும் புரதங்கள்தான் பெரும்பாலும் ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. ஒரு பருப்பின் சேமிப்புப் புரதமும் இன்னொன்றின் சேமிப்புப் புரதமும் சாயலில் ஒத்திருந்தால், ஒன்றைக் குறிவைத்து உருவான எதிர்ப்பொருள் மற்றொன்றிலும் போய் ஒட்டிக்கொள்ளும். இதுதான் குறுக்கு எதிர்வினை. ஒட்டிக்கொள்வதெல்லாம் நோயாக வெளிப்படுவதில்லை என்பதுதான் இந்த முழுக் கதையின் சாரம்.

உறவின் நெருக்கம் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இல்லை. மசூர், பட்டாணி, கேசரிப் பருப்பு ஆகியவை ஒரு வீட்டுப் பிள்ளைகள். கொண்டைக்கடலை அடுத்த வீடு. இந்தக் கூட்டத்துக்குள்தான் குறுக்கு எதிர்வினை அதிகம். மசூரும் கொண்டைக்கடலையும் அன்றாடம் உண்ணும் ஸ்பெயினில், ஒன்று ஆகாத குழந்தைகள் பலருக்கு மற்றதும் ஆகாமல் போவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

உளுந்து, பச்சைப்பயறு, காராமணி ஆகியவை தங்களுக்குள் மிக நெருங்கியவை. துவரை, மொச்சை, அவரை, பீன்ஸ், ராஜ்மா, கொள்ளு, சோயா ஆகியவை இவற்றுக்குப் பெரியப்பா சித்தப்பா முறை. வேர்க்கடலை பருப்புக் குடும்பத்திலேயே தூரத்துச் சொந்தம்.

வேர்க்கடலை ஆகாதவர்கள் மற்றப் பருப்புகளையும் விட வேண்டுமா என்ற கேள்விக்கு 1989-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தெளிவாகப் பதில் சொன்னது. பருப்பு வகைகளுக்குத் தோல் சோதனை பாசிட்டிவாக இருந்த 69 குழந்தைகளுக்கு அவற்றைச் சாப்பிடக் கொடுத்துப் பார்த்தார்கள். 41 பேருக்கு எதிர்வினை வந்தது. அவர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பருப்புக்கு எதிர்வினை வந்தவர்கள் இரண்டே பேர். அது வேர்க்கடலையும் சோயாவும் முன்னே நிற்கும் நாடு. பலவகைப் பருப்பை அன்றாடம் தின்னும் நமக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. 2001-இல் மும்பை ஆய்வாளர்கள், இந்தியத் துணைக்கண்டத்தில் கொண்டைக்கடலை ஒரு முக்கியமான ஒவ்வாமை உணவு என்று எழுதினார்கள். ஆனாலும் ‘ஒன்று ஆகாவிட்டால் எல்லாம் ஆகாது’ என்ற முடிவுக்கு எந்த ஆய்வும் இடம் கொடுக்கவில்லை.

வேர்க்கடலை தூரத்துச் சொந்தம் என்பதற்கு இரண்டு விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, லூபின். ஐரோப்பாவில் ரொட்டி, பிஸ்கட், பாஸ்தாவில் கலக்கும் ஒரு பயற்று மாவு. வேர்க்கடலை ஆகாதவர்கள் சிலருக்கு இது கடுமையாக வேலை காட்டியதால், 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் லேபிளில் கட்டாயம் அறிவிக்க வேண்டிய பட்டியலில் இதைச் சேர்த்தது. வெளிநாட்டில் இருப்பவர்களும் இறக்குமதித் தின்பண்டம் வாங்குபவர்களும் கவனிக்க வேண்டும். மற்றொன்று, நம் வெந்தயம். அதுவும் பருப்புக் குடும்பம்தான். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள சிலருக்கு வெந்தயத்தாலும் எதிர்வினை வருவதை 2009-இல் நார்வே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே அது ‘கறிப்பொடி’ வழியாகப் போயிருந்தது. நம் வீட்டில் இட்லி மாவிலிருந்து மீன் குழம்பு வரை வெந்தயம். ஆகவே வேர்க்கடலை ஆகாத குழந்தை வெந்தயத்தை ஏற்கெனவே பிரச்சினையில்லாமல் சாப்பிடுகிறதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தால் நிறுத்தக் காரணமே இல்லை.

முந்திரி, பாதாம், எள், கடுகு எதுவும் பருப்புக் குடும்பம் அல்ல. அவை தனித்தனியே ஒவ்வாமை தரலாம். சேர்ந்தே வருவதும் உண்டு. வேர்க்கடலை ஆகாதவர்களில் கணிசமானவர்களுக்கு மரக்கொட்டைகளும் ஆகாமல் இருப்பதால் அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள். புளி உண்மையில் பருப்புக் குடும்பத்து மரம். என்றாலும் நாம் உண்பது அதன் பழச்சதையை, விதையை அல்ல. பருப்பு ஆகாது என்பதற்காகப் புளியைக் கைவிட வேண்டியதில்லை.

நான்காம் படி: பரிசோதனைத் தாளை எப்படிப் படிப்பது

இரத்தத்தில் ஐஜிஇ 0.35-க்கு மேல் இருந்தால் பல ஆய்வகங்கள் பாசிட்டிவ் என்று அச்சிட்டுவிடும். அதன் பொருள், அந்தப் புரதத்தை அடையாளம் காணும் எதிர்ப்பொருள் உடலில் இருக்கிறது என்பது மட்டுமே. சாப்பிட்டால் எதிர்வினை வரும் என்பதல்ல. பருப்புகளைப் பொறுத்தவரை இந்த இடைவெளி மிகப் பெரியது. காரணம் மேலே சொன்ன சாயல்தான்.

எங்கள் மருத்துவர் செய்த தோல் சோதனையை விவரிக்கிறேன். ஒரு வாரம் முன்பே அரிப்பு மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார். இல்லையென்றால் சோதனை பொய்யாக நெகட்டிவ் காட்டும். வீட்டில் பயன்படுத்தும் பருப்புகளை இரவே தனித்தனியாக ஊற வைத்து, பெயரெழுதிய சிறு எவர்சில்வர் டப்பாக்களில் கொண்டுவரச் சொன்னார். ஒன்பது டப்பாக்கள் கொண்டுபோனோம். ஊசியை முதலில் ஊறிய பருப்பில் குத்தி, அதே ஊசியால் குழந்தையின் முன்கையில் இலேசாக ஒரு புள்ளி. ஒவ்வொன்றுக்கும் புது ஊசி. பேனாவால் எண்கள். பதினைந்து நிமிடம் அவளைச் சொறியவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டு கதை சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்க, யாருக்கும் தடிப்பை உண்டாக்கும் ஹிஸ்டமின் ஒரு புள்ளி, தடிப்பே உண்டாக்காத உப்புநீர் ஒரு புள்ளி. பிறகு அளவுகோலால் தடிப்பை அளந்தார்: கொண்டைக்கடலை 9 மில்லிமீட்டர், பட்டாணி 7, மசூர் 6, பச்சைப்பயறு 3, வேர்க்கடலை 4, துவரையும் உளுந்தும் ஒன்றுமில்லை. 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பாசிட்டிவ். கை முழுக்கக் கொசு கடித்ததுபோல இருந்த அந்தப் புள்ளிகளைப் பார்த்தபோது ஏழு மாதம் நாங்கள் நம்பியது சரிதானோ என்று தோன்றியது. “இது பாதிக் கதைதான்” என்றார் மருத்துவர்.

வேர்க்கடலைக்கு மட்டும் இன்னும் நுட்பமான இரத்தச் சோதனை இருக்கிறது. அராஹெச் 2 என்ற புரதத்துக்குத் தனியாக ஐஜிஇ பார்ப்பது. அது உயர்ந்திருந்தால் உண்மையான வேர்க்கடலை ஒவ்வாமைக்கான வாய்ப்பு மிக அதிகம். அராஹெச் 8 மட்டும் பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் மகரந்தச் சாயலால் வந்தது. வாய் அரிப்போடு நின்றுவிடுவதே வழக்கம். ‘நூறு உணவுகளுக்கு ஒரே சோதனை’ என்று விளம்பரம் செய்யும் ஐஜிஜி சோதனைகளுக்குக் காசைக் கொடுக்காதீர்கள். ஐஜிஜி என்பது ஐஜிஇ அல்லாத வேறொரு எதிர்ப்பொருள். அது இருப்பது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டுகிறது. அந்தத் தாளை நம்பிக் குழந்தைகளைப் பட்டினி போடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது.

ஐந்தாம் படி: மருத்துவமனையில் சாப்பிட்டுப் பார்ப்பது

தீர்ப்புச் சொல்லும் சோதனை இதுதான். மருத்துவர் மேற்பார்வையில், கடும் எதிர்வினைக்குப் போடும் அட்ரினலின் ஊசி தயாராக இருக்கும் இடத்தில், கடுகளவில் தொடங்கிப் பதினைந்து முதல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். முழு அளவும் சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். தயவுசெய்து இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ‘ஒரே ஒரு பருப்புதானே’ என்றும் நினைக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு ஒரு பருப்பு. எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. பச்சைப்பயற்றில் ஒன்றும் வரவில்லை. வேர்க்கடலையும் அப்படியே. மசூரில் மூன்றாம் கரண்டியிலேயே வாயைச் சுற்றித் தடிப்பு வந்துவிட்டது; அத்துடன் நிறுத்தினார்கள். பட்டாணியை மருத்துவர் சோதிக்கவே இல்லை. ஒரு முறை தவறிச் சாப்பிட்டு வாந்தியெடுத்த கதையை நாங்கள் சொல்லியிருந்தோம், அதுவே போதும் என்றார். துவரம்பருப்பு ரசம் சோற்றை அவள் முதன்முதலாக ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டு முடித்தது அந்த மருத்துவமனை நாற்காலியில்தான்.

தேறிய பருப்பை அதன்பின் விடக் கூடாது. வாரத்துக்கு ஓரிரு முறையாவது தொடர்ந்து கொடுங்கள். நீண்ட நாள் விலக்கி வைத்தால் இல்லாத ஒவ்வாமை புதிதாக உண்டாகும் ஆபத்து இருக்கிறது. பயத்தினால் தள்ளிப்போடும் பெற்றோருக்கு 2015-இல் வெளிவந்த லண்டன் ஆய்வை நினைவுபடுத்துகிறேன். நான்கிலிருந்து பதினொரு மாத வயதுள்ள, ஒவ்வாமைக்கு வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு வேர்க்கடலை உணவைச் சீக்கிரமே தொடங்கித் தொடர்ந்து கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு விலக்கி வைத்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, கொடுத்தவர்களிடம் வேர்க்கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது.

ஆறாம் படி: சமையலறையைத் திருத்துவது

நம் சமையலில் பருப்பு கண்ணுக்குத் தெரியும் இடம் சாம்பார் மட்டும்தான். மற்ற இடங்களில் ஒளிந்திருக்கும். உங்களுக்கு எது ஆகாதோ அதைத் தேடுங்கள்.

கொண்டைக்கடலை: பஜ்ஜி, பக்கோடா, ஓமப்பொடி, மைசூர்பாகு, பூந்தி லட்டு, தாளிப்பில் போடும் கடலைப்பருப்பு, தேங்காய்ச் சட்னியில் அரைக்கும் பொட்டுக்கடலை, குருமாவைக் கெட்டியாக்கும் பொட்டுக்கடலை, சாம்பார்ப்பொடி. மசால்வடைக்குக் கடைகளில் பட்டாணிப் பருப்பு போடுவதும் உண்டு. உளுந்து: இட்லி, தோசை, ஆப்பமாவு, அப்பளம், மெதுவடை, முறுக்கு, பொரியல் தாளிப்பு. துவரை: ரசப்பொடி, பருப்புப்பொடி.

“பருப்பைப் போடவில்லை, பருப்புத் தண்ணீர்தான் விட்டேன்” என்பது எங்கள் வீட்டிலும் கேட்ட வார்த்தை. வேகும்போது புரதம் தண்ணீரில் இறங்குகிறது. ஆகவே அந்தத் தண்ணீரும் பருப்புதான். மசூரும் கொண்டைக்கடலையும் வேகும்போது கிளம்பும் ஆவியை முகர்ந்தே மூச்சிரைப்பு வந்தவர்களை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. குழந்தைக்கு ஆஸ்துமாவும் இருந்தால் குக்கர் விசில் அடிக்கும்போது அடுப்படியில் நிற்க வைக்காதீர்கள். வேர்க்கடலையை வறுத்தால் ஒவ்வாமைத் தன்மை கூடுகிறது. அவித்தால் சற்றுக் குறைகிறது. பாதுகாப்பான அளவுக்கு அல்ல.

எண்ணெய் விஷயத்தில் ஒரு வேறுபாடு. நன்றாகச் சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது. செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் இருக்கும். வேர்க்கடலை ஆகாத வீட்டில் செக்கெண்ணெய் வேண்டாம். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தனியாக ஆகுமென்றால் அவை இருக்கட்டும்.

உறவுமுறையோடு சம்பந்தமே இல்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது: கலப்பு. பஜ்ஜி போட்ட எண்ணெயிலேயே வாழைக்காய் வறுவலையும் போடுவார்கள். மாவு மில்லில் நமக்கு முன்னால் வந்தவர் கடலைமாவு அரைத்திருந்தால் நம் அரிசிமாவோடு அவருடைய மாவும் சேர்ந்து விழும். நாங்கள் அரிசிமாவை வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறோம். நேரம் பிடிக்கிறது, ஆனால் இடியாப்பமும் புட்டும் பயமில்லாமல் நடக்கிறது.

குழந்தையைக் குளிப்பாட்டும் கடலைமாவு, பயற்றமாவு பற்றியும் ஒரு வார்த்தை. கரப்பான் (எக்ஸிமா) என்னும் தோல் நோய் வந்து வெடித்திருக்கும் தோலின் வழியே உணவுப் புரதம் உள்ளே போனால் ஒவ்வாமை உருவாகலாம். 2003-இல் பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வு, வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளுக்கும் வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பைக் காட்டியது. தோல் புண்ணாக உள்ள குழந்தைக்கு மாவு தேய்க்காதீர்கள்.

ஏழாம் படி: கடையில் வாங்கும்போது

இந்திய லேபிள் விதிகளின்படி, பருப்புக் குடும்பத்தில் வேர்க்கடலைக்கும் சோயாவுக்கும்தான் தனியாக ஒவ்வாமை அறிவிப்பு கட்டாயம். கொண்டைக்கடலை, உளுந்து, பட்டாணி எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தடித்த எழுத்து அறிவிப்பைப் பார்த்து நிம்மதி அடையாமல் மூலப்பொருள் பட்டியல் முழுவதையும் படியுங்கள். ஐஸ்கிரீமில் 412 என்றால் கொத்தவரைப் பிசின், சாக்லேட்டில் 322 என்றால் பெரும்பாலும் சோயா லெசித்தின். சத்துமாவு, புரதப் பொடி வகைகளில் பட்டாணிப் புரதம் செறிவாக இருக்கும். பட்டாணியைக் குறைந்த அளவில் தாங்குகிறவர்களுக்கும் அது தொந்தரவு தரலாம். உதிரியாக விற்கும் கடலைமாவில் பட்டாணி மாவும் கேசரிப் பருப்பு மாவும் கலப்படமாகச் சேர்வது புதிதல்ல.

எட்டாம் படி: அவசரம் வந்தால்

தடிப்போடு மூச்சிரைப்போ, குரல் மாற்றமோ, விடாத வாந்தியோ, மயக்கமோ சேர்ந்தால் அது அனஃபிலாக்ஸிஸ். உயிர் காக்கும் மருந்து அட்ரினலின் ஒன்றுதான். அரிப்பு மாத்திரை அதற்கு மாற்று ஆகாது. தொடையின் வெளிப்புறத் தசையில் போட வேண்டும். அளவு கிலோ எடைக்கு 0.01 மில்லிகிராம். தானாகக் குத்தும் பேனா நம் ஊரில் எளிதில் கிடைப்பதில்லை. எப்போது, எவ்வளவு, எப்படி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அவர் முன்னால் பழகிக்கொள்ளுங்கள். குழந்தையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. தடிப்பு மறைந்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். சில மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரக்கூடும்.

பள்ளிப்பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறோம். “கொண்டைக்கடலை, கடலைப்பருப்பு, பொட்டுக்கடலை, கடலைமாவு, பட்டாணி, மசூர் ஆகாது. இட்லி, துவரை, பச்சைப்பயறு, வேர்க்கடலை சாப்பிடலாம்.” கூடாததை மட்டும் எழுதினால், பயந்துபோய் எல்லாவற்றையும் மறுத்துவிடுகிறார்கள் என்பதால் இரண்டாவது வரியும் அவசியம்.

ஒன்பதாம் படி: மறுபடி சோதிப்பது

ஒவ்வாமை அப்படியே உறைந்து நிற்பதில்லை. சோயா, மசூர் ஒவ்வாமையைப் பல குழந்தைகள் கடந்துவிடுகிறார்கள். வேர்க்கடலையை ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் கடக்கிறார். ஆண்டுக்கு ஒருமுறை தோல் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்து அளவு இறங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். என் மகளுக்கு மசூர் சென்ற ஆண்டு 4 மில்லிமீட்டர், இந்த ஆண்டு 2. தை மாதம் சாப்பிட்டுப் பார்க்கும் சோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். குழைய வேக வைத்த மசூர் பருப்பு, உப்பு மட்டும் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.